மூன்று விநாடிச் சத்தம்

எங்கள் வீட்டுக் கார் சும்மா கிளம்பாது. அதற்குக் கற்பூரம் வேண்டும், மணி வேண்டும். முந்தின நாளே அப்பா அதை எங்கள் ஊர் மலையைப் பார்க்க நிறுத்திவைத்திருப்பார். காலையில் குளித்துவிட்டு வந்து கற்பூரம் காட்டுவார். பிறகு ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்புவார். சரியாக அந்த நொடியில் நான் மணியடிக்க வேண்டும். நாலாம் வகுப்பில் அதைவிடப் பெரிய பதவி எனக்கு வேறு இல்லை.

அந்தப் பதவியில் ஒரு ரகசியமும் இருந்தது. நான் மணியடிக்கும்போது பானெட்டுக்குள்ளிருந்து கலகலவென்று ஒரு சத்தம் வரும். மூன்றே விநாடி, அப்புறம் அடங்கிவிடும். என் மணிக்கு வண்டி பதில் சொல்கிறது என்று முழுசாக நம்பினேன். சொன்னால் தம்பி பங்குக்கு வருவான் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை.

செங்கம் ரோட்டில் ஆசிரமப் பக்கம் அறையெடுத்துத் தங்கும் வெளிநாட்டுக்காரர்களைச் சென்னை விமான நிலையத்தில் விட்டு வருவதுதான் அப்பாவின் தொழில். இருந்தது ஒரே கார். அந்த வருஷம் அதன் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று எரியத் தொடங்கியது. அப்பா இரண்டு மெக்கானிக்குகளிடம் காட்டினார். ஊரையெல்லாம் சுற்றிவிட்டு வண்டி சூடாகத்தான் அவர்களிடம் போகும். காது வைத்துக் கேட்டுவிட்டு, தங்கம் மாதிரி ஓடுகிறது என்று விளக்கை அணைத்து அனுப்பினார்கள். நாலு நாளில் விளக்கு திரும்பி வந்தது. திங்கட்கிழமை ஒரு வெள்ளைக்கார அம்மாவை விமானத்துக்குக் கொண்டுபோய் விட வேண்டும். வருஷா வருஷம் அப்பாவின் வண்டியில் மட்டுமே ஏறுகிறவர் அவர்.

அம்மாவின் தங்கை, என் சித்தி, ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்துவிட்டுக் கீழ்பென்னாத்தூரிலிருந்து வேங்கிக்காலில் ஒரு பட்டறைக்குத் தினமும் பஸ்ஸில் வந்துபோவாள். அப்பாவின் கணக்கில் அவள் அங்கே பில் எழுதுகிறவள். சனிக்கிழமை சாயங்காலம் கையடக்கமான ஒரு ஸ்கேனரோடு வந்து, கேட்காமலேயே வண்டியில் சொருகிப் பார்த்தாள்.

"மாமா, கீழ சுத்துறதும் மேல சுத்துறதும் ஒண்ணுக்கொண்ணு சேரலன்னு வண்டியே சொல்லுதுங்க. டைமிங் செயின் தளர்ந்திருக்கும்னு நினைக்கிறேன். காலையில ஸ்டார்ட் பண்ணும்போது சத்தம் வருதா?"

"ஒரு சத்தமும் கிடையாது. தினம் பக்கத்துல நிக்கிறவன் நானு."

"ஆயில் எப்ப மாத்துனீங்க?"

"ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை."

சித்தி ஸ்கேனரைக் கழற்றினாள். "சாமிக்கு வருஷத்துக்கு ஒரு தடவ போதும் மாமா. இந்த ஓட்டத்துக்கு இன்ஜினுக்குப் பத்தாது."

"பஸ்ஸுல வந்து இறங்கி எனக்கு வண்டி சொல்லிக் குடுக்குறா பாரு," என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அப்பா உள்ளே போய்விட்டார். சித்தி அன்றைக்கு எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டாள்.

காலையில் அப்பா கற்பூரம் காட்டினார். கையை உள்ளே விட்டார். நான் மணியை உயர்த்தினேன். பல் தேய்த்துக்கொண்டிருந்த சித்தி எங்கிருந்து வந்தாளோ, மணியை என் கையோடு சேர்த்து அப்படியே பொத்திப் பிடித்துக்கொண்டாள். சாவி திரும்பிவிட்டது.

கலகலகல. தகர டப்பாவில் ஆணியைப் போட்டு உலுக்குகிற சத்தம். தெருவே கேட்டிருக்கும். மூன்று விநாடி, பிறகு ஒன்றுமில்லை, பழைய தங்கம். அப்பா சாவியிலிருந்து கையை எடுக்காமல் நின்றார். எத்தனை மாதமாக அந்தச் சத்தத்தின் மேல் தினமும் மணியை அடித்து மூடியிருக்கிறோம் என்பது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். எனக்கோ வேறு கவலை: மணி அடிக்காமலேயே வண்டி பதில் சொல்கிறதே.

"இனிமே ஸ்டார்ட் பண்ணாதீங்க. கயிறு கட்டி இழுத்துட்டுப் போயிடலாம்."

"ஓடுற வண்டியவா? ஊருல சிரிப்பானுங்க."

"செயின் தாவிடுச்சுன்னா நடு ரோட்டுல இன்ஜினே போயிடும் மாமா. உள்ள அந்த அம்மாவும் உக்காந்திருப்பாங்க."

இழுத்துக்கொண்டுதான் போனோம். என் பையில் மணி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் பட்டறையில் வேறு யாரும் இல்லை. சித்தி ஆயிலை வடித்தாள். கறுப்புத் தேன் மாதிரி இறங்கியது. பெல்ட், புல்லி, மூடி என்று ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழற்றி, மத்தியானம் இன்ஜினின் முன்பக்கத்தைத் திறந்தாள். நான் மூச்சை நிறுத்திக்கொண்டேன். என் சைக்கிள் செயின் மாதிரி ஒன்று, கீழே ஒரு பல்சக்கரத்தையும் மேலே ஒன்றையும் சேர்த்துச் சுற்றிக் கிடந்தது. கீழே இரண்டு சுற்று வந்தால் மேலே ஒரு சுற்று. வண்டி ஓடுகிற நேரமெல்லாம், இருட்டில், யாரும் பார்க்காமல், அந்தக் கணக்கு பிசகவே கூடாதாம்.

பழைய செயினையும் பட்டறையில் இருந்த புதுசையும் ஒரே ஆணியில் தொங்கவிட்டுக் காட்டினாள். பழையது என் சுண்டுவிரல் நகத்தின் அளவுகூட நீண்டிருக்கவில்லை. அவ்வளவுதானா என்றார் அப்பா. அவ்வளவேதான் என்றாள். செயினை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனரை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். ஆயில் ஏறிவந்து இதைத் தள்ளும் வரைக்கும் செயின் ஆடும், தள்ளியதும் அடங்கிவிடும்; அதுதான் அந்த மூன்று விநாடி.

அச்சுகள் நகராதபடி கம்பி செருகிப் பூட்டிவிட்டுப் புதுச் செயினை மாட்டினாள். சக்கரத்துப் புள்ளியும் செயினின் நிறம் பூசிய கண்ணியும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். நின்றன. அப்பா சாவியை எடுத்தார்.

"இருங்க. முதல்ல கையால ரெண்டு சுத்து."

கம்பியை உருவிவிட்டு, நீளமான ஸ்பானரைப் போட்டு மெல்லத் திருப்பினாள். ஒரு சுற்று, இரண்டாவது சுற்று. மறுபடி கம்பியைச் செருகப் பார்த்தாள். போகவில்லை. குனிந்து பார்த்தாள். செயின் ஒரு பல் தள்ளியிருந்தது.

"ஒரு பல்லுதானேம்மா," என்றார் அப்பா. அந்தக் குரலில் இப்போது கேலி இல்லை, பயம்தான் இருந்தது. மணி நாலாகிவிட்டிருந்தது.

"அப்படியே விட்டா வால்வும் பிஸ்டனும் இடிச்சாலும் இடிக்கும். தப்பு என்னுதுதான் மாமா." இதைச் சொல்லும்போதே அவள் திரும்பக் கழற்ற ஆரம்பித்துவிட்டாள். காதெல்லாம் சிவந்திருந்தது. அப்பா டார்ச்சை எடுத்து அவளுக்கு வெளிச்சம் பிடித்தார். மறுபடி மாட்டி, மறுபடி இரண்டு சுற்று. சக்கரத்துப் புள்ளிகள் பழைய இடத்துக்கே வந்து நிற்க, கம்பி வெண்ணெயில் கத்தி மாதிரி உள்ளே போனது.

எல்லாவற்றையும் மூடி, புது ஆயில் ஊற்றியதும் அப்பா சாவியைச் சித்தியிடம் நீட்டினார். நான் பையிலிருந்து மணியை எடுத்தேன்.

"மணி இருக்கட்டும்டா கண்ணு," என்றார்.

சித்தி சாவியைத் திருப்பினாள். மூன்று விநாடி. ஒரு கலகலப்பும் இல்லை. சித்தி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். நான் அழ ஆரம்பித்தேன். வண்டியின் வாயை அடைத்துவிட்டார்கள், இனி அது என்னிடம் பேசாது. வீடு திரும்பியதும் அம்மா வாங்கிக் கொடுத்த ஜிகர்தண்டாகூட அன்று இறங்கவில்லை.

திங்கட்கிழமை அந்த வெள்ளைக்கார அம்மா நேரத்துக்கு விமானம் ஏறினார். எங்கள் பூஜை மட்டும் மாறிப்போனது. கற்பூரம் காட்டி, சாவியைத் திருப்பியதும் அப்பா என்னைப் பார்த்து ஒரு விரலை உயர்த்துவார். பொறு. விரல் இறங்கினால்தான் மணி. என் பதவியில் மூன்று விநாடியைப் பிடுங்கிக்கொண்டார் என்று வெகுநாள் கோபமாக இருந்தேன்.

சித்தி எங்கள் வீட்டில் தங்கும் நாட்களில், அந்த விரல் உயரும்போது குழாயடியில் அவள் பல் தேய்ப்பதும் நின்றுவிடும். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். எனக்குக் கை வலிக்கும், சீக்கிரம் விரலை இறக்கினால் தேவலை என்றிருக்கும். அந்த மூன்று விநாடியில் அங்கே ஏற்கெனவே ஒரு பூஜை நடந்துகொண்டிருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.