அக்காவின் ஒற்றைப் பொத்தான்

மருந்துக் கிடங்கு அலுவலகத்தில் அவருக்குக் கறுப்புத்திரை என்று பெயர். ஊர் உலகமெல்லாம் வண்ண வண்ணப் படங்களைத் தட்டி வேலை பார்க்க, இந்த மனுஷன் மட்டும் இருபத்தாறு வருஷமாகக் எழுத்து மட்டுமே ஓடும் கறுப்பு டெர்மினலையும் வெள்ளை எழுத்தையும் கட்டிக்கொண்டு அழுதார். கிடங்கில் காலையில் பாஸ்வேர்டு கேட்கும் திரை அவர் எழுதியதுதான். அதை யாரும் பாராட்டியதில்லை. கதவுத் தாழ்ப்பாளை யார் பாராட்டுகிறார்கள்?

டெர்மினலுக்கு இரண்டு பழக்கம் உண்டு. அடிக்கிற எழுத்தையெல்லாம் திரையில் காட்டிவிடும். என்டரைத் தட்டும் வரை ஒன்றையும் புரோகிராமிடம் ஒப்படைக்காது. புரோகிராம் கேட்டுக்கொண்டால் இரண்டையும் விட்டுவிடும். வேலை முடிந்ததும் பழையபடி மாற்றி வைத்துவிட்டு வர வேண்டும், அதுதான் மரியாதை. இவர் கூடவே இன்னொன்றும் செய்வார். பாஸ்வேர்டு கேட்குமுன், அதுவரை யாராவது அவசரப்பட்டுத் தட்டி வைத்ததையெல்லாம் துடைத்து எறிந்துவிடுவார். "முந்திரிக்கொட்டைத்தனமா தட்டினதெல்லாம் கணக்குல வராதுப்பா" என்பார்.

வீட்டில் அக்காவும் அவரும்தான். அம்மா போனபின் அவரை வளர்த்து ஆளாக்கியது அக்கா. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள், வாய் என்றால் அப்படி ஒரு வாய். எதிராளி கேள்வியை முடிக்கவே விடமாட்டாள்.

"அக்கா, நாளைக்கு நான்..."

"போயிட்டு வா. குடையை மறந்துடாத."

அந்த வாயைத்தான் நோய் முதலில் பிடுங்கியது. பாவி நோய்க்கு வேறு இடமே கிடைக்கவில்லை போலிருக்கிறது. அப்புறம் கால், கை என்று ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் வலது ஆள்காட்டி விரல் ஒன்று மிஞ்சியது. இமைகூட நினைத்தபடி மூடவில்லை. அந்த விரலால் என்டர்வரை எட்ட முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அவர் புரோகிராம் எழுதினார். என்டர் வேண்டாம், ஸ்பேஸ் பட்டனை மட்டும் அமுக்கினால் போதும். திரையில் எழுத்துகள் வரிசையாக ஒளிரும். வேண்டிய எழுத்து வரும்போது அக்கா அமுக்குவாள். அமுக்கியது திரையில் இடைவெளியாக விழுந்து அவளைக் குழப்பக்கூடாது என்று, காட்டாதே என்றும் சொல்லி வைத்தார்.

பதினொரு நிமிஷத்தில் அக்கா முதல் வாக்கியத்தைச் சொன்னாள்: சட்டையை மாத்து நாறுது.

அவர் சிரித்தபடியே சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

நாலு மாதத்தில் விரலும் தளர்ந்தது. ஒரு தடவை அமுக்கினால் ஒரு மணி நேரம் ஓய்வு வேண்டும். எழுத்துப் பொறுக்குவதை விட்டுவிட்டுக் கேள்வி மட்டும் என்று ஆயிற்று. அமுக்கினால் ஆமாம். ஒரு நிமிஷம் அமுக்காவிட்டால் வேண்டாம். தண்ணீரா, விளக்கை அணைக்கவா என்று சின்னச் சின்னக் கேள்விகள், சட்டென்று திரையில் வந்து நிற்பவை. இரண்டு பேருக்கும் அது போதுமானதாக இருந்தது.

அப்போதுதான் டாக்டர் சொன்னார். மூச்சுத் தசை தளர்கிறது. தொண்டையில் துளை போட்டு மெஷின் வைக்கலாம், வைத்தால் சில வருஷங்கள் இருப்பார்கள், படுத்த படுக்கையாகத்தான். அக்காவையே கேட்டுச் சொல்லுங்கள் என்றார்.

வாயால் கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. ஆறு வரியில் கேள்வியாக எழுதினார். மெஷின் வைக்கட்டுமா அக்கா என்பது முதல் வரி, மற்றதெல்லாம் விளக்கம். அக்காவின் கண் தொடர வேண்டுமே என்று எழுத்து எழுத்தாக மெதுவாக வரும்படி வைத்தார். ஓடவிட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்க்க மாட்டாமல் சமையலறையில் போய் நின்றுகொண்டார். பக்கத்தில், அக்காவைப் பார்த்துக்கொள்ள வரும் நர்ஸம்மா மட்டும் இருந்தாள். அவர் திரும்பி வந்தபோது திரையில் 'வேண்டாம்' என்று இருந்தது.

"அமுக்கினாங்களே தம்பி" என்றாள் நர்ஸம்மா.

"விழலையேம்மா. விழுந்திருந்தா 'ஆமாம்'னு காட்டியிருக்கும்."

மனசு கேட்காமல் மறுநாளும் அதே கேள்வியை ஓடவிட்டார். அதே சமையலறை, அதே 'வேண்டாம்'. நர்ஸம்மா வாயைத் திறக்கப் போனாள். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். மெஷின் வேண்டாம் என்று ஆஸ்பத்திரி ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அக்காவின் தலையை வருடி, "உன் இஷ்டப்படியே செஞ்சுட்டேன்க்கா" என்றார். அக்காவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. நிம்மதி என்று நினைத்துக்கொண்டார்.

பத்தொன்பதாம் நாள் அக்கா போய்விட்டாள்.

ஐந்து மாதம் கழித்து ஸ்டோர் கிளார்க் அவர் மேஜைக்கு வந்தார். கிளார்க்கின் அம்மாவுக்குப் பக்கவாதம். இவருடைய புரோகிராமை வாங்கிக்கொண்டு போயிருந்தார்.

"ரொம்ப உதவியா இருக்கு சார். ஒரே ஒரு சின்ன விஷயம். எங்கம்மா கேள்வி முழுசா வர்றதுக்குள்ள அமுக்கிடறாங்க. அப்ப அமுக்கினா எடுத்துக்க மாட்டேங்குது. மாத்த முடியுமா?"

"முடியும்" என்றார்.

ஃபைலைத் திறந்தார். பொத்தான் அமுக்குவதை வாங்கும் பகுதி, கிடங்கின் பாஸ்வேர்டு திரையிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியது. கேள்வி முடிந்தபின் டெர்மினலின் பழக்கத்தை மாற்று, அதுவரை தட்டியதைத் துடைத்து எறி. துடைக்காமல் மாற்றவும் வழி இருக்கிறது. வித்தியாசம் ஒரே ஒரு சொல். அது அவருக்குத் தெரியாததா? சொல்லை மாற்றி, பிரதியைக் கிளார்க்கிடம் கொடுத்துவிட்டு, அரை நாள் லீவு எழுதி வைத்துவிட்டு நர்ஸம்மாவைத் தேடிப் போனார்.

அவள் வேறொரு வீட்டில் யாருக்கோ கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"அன்னைக்கு அக்கா எப்பம்மா அமுக்கினாங்க?"

"முத வரி முடியும்போதே தம்பி. உசிரைப் பிடிச்சுக்கிட்டு அமுக்கினாங்க. மறுநாளும் அப்படித்தான். சொல்ல வந்தேன், நீங்க கேக்கல."

அவர் தலையாட்டினார். தெருவில் இறங்கி, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றார். அக்காவுக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்க ஆசையாக இருந்திருக்கிறது. அதை இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள்.