நேராகப் போன பந்து

எங்கள் ஊரில் கொல்ஃப் விளையாடிய ஒரே மனிதன், என் அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனவன்தான். படுவான்கரையில் வாவியை ஒட்டியிருந்த எங்கள் பள்ளிக்கூடத்தை இராணுவ முகாமாக்கிவிட்டு, நாங்கள் கிளித்தட்டு மறித்து விளையாடிய மைதானத்தில் காலைவேளைகளில் பந்தடித்துக்கொண்டிருப்பான். எங்களுக்குப் படிப்பு மரத்தடியில். முகாமுக்குப் பெரியவன் என்பதால் ஊர் முழுக்க அவனை 'ஐயா' என்றுதான் சொன்னது. இப்போது நான் 'அவன்' என்று எழுதுவதற்கே இத்தனை வருடமும் இத்தனை தூரமும் தேவைப்பட்டிருக்கின்றன.

அண்ணனைச் சுற்றிவளைப்பில் பிடித்தார்கள். வயல் வட்டையில் வேளாண்மைக்குக் காவலிருந்துவிட்டு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவன். அப்பா இல்லாத வீடு எங்களுடையது. அம்மா முகாம் வாசலில் வெயிலில் காய்ந்ததுதான் மிச்சம், உள்ளே விடவில்லை.

அந்த நேரத்தில் மாமாவின் பழைய பிழைப்பு கைகொடுத்தது. அம்மாவின் தம்பியான அவர், கலவரத்தில் அடிபட்டு ஊர் திரும்பும்வரை நுவரெலியாவில் துரைமாரின் கொல்ஃப் பைகளைத் தோளில் சுமந்தவர். பெரியவன் அடிப்பதை வீதியில் நின்று பார்த்திருக்கிறார். பந்து ஒழுங்காகத்தான் கிளம்பும்; பாதிவழியில் வலப்பக்கம் வளைந்து வாவிக்குள் விழும். அந்த விளையாட்டில் இறங்கும் பாதிப்பேருக்கு வருகிற கோளாறாம். கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்று, தனக்குத் தெரிந்த சிங்களத்தில், "நான் திருத்தித் தரட்டுமா ஐயா?" என்று கேட்டுவிட்டார். வாய்த்துடுக்குக்குப் பேர்போன மனிதர். வாழ்நாளில் அன்று ஒருதடவைதான் அது அவருக்கு உதவியது.

கூலியாக அண்ணனை விடும்படி கேட்கவில்லை. கேட்டால் உள்ளதும் கெட்டுப்போகும். தினமும் ஒரு நேரச் சாப்பாடு கொடுக்க மட்டும் அனுமதி கேட்டார், கிடைத்தது.

"அக்கா, இவளையும் கூட்டித்துப் போயித்து வாறன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு புறப்படுவார். ஆம்பிளை தனியாகப் போனால் அடி விழும், கூட ஒரு பெண்பிள்ளை இருந்தால் கொஞ்சம் யோசிப்பார்கள் என்பது அந்தக் காலத்துத் தந்திரம். எனக்கு எட்டு வயது. நான் மூன்றாம் வகுப்புப் படித்த அறையின் சன்னலால் அண்ணனின் கை வெளியே வரும், சோற்றுப் பெட்டியை வாங்கிக்கொள்ளும். முகத்தைக் கண்டது இரண்டொரு தரம்தான். வீடு திரும்பியதும் அம்மா என்னைப் பிடித்துவைத்துக் கேட்பாள்.

"கையப் பாத்தியாகா? வீங்கி இரிந்திச்சா? நகமெல்லாம் இரிந்திச்சா?"

மாமாவோ மைதானத்தில் பெரியவனின் காலைத் திருத்தினார், முழங்காலைத் திருத்தினார், மூச்சு விடுவதைக்கூடத் திருத்தினார். பந்து வாவியைத்தான் தேடிப்போனது. ஊரில் சிலர் அவரைக் காட்டிக்கொடுக்கிறவன் என்று முணுமுணுத்தார்கள். எனக்கு அதைவிட, அவருக்கு வேலை தெரியவில்லையே என்பதுதான் வெட்கமாக இருந்தது. பந்து நேராகப் போனால் பெரியவன் சந்தோசப்படுவான், சந்தோசப்பட்டால் அண்ணனை விட்டுவிடுவான் என்பது நானாகவே கண்டுபிடித்த நியாயம். அதற்காகக் கண்ணகை அம்மனுக்கு நேர்ந்துகூட இருந்தேன். இந்த மாமா எங்கள் மானத்தையும் வாங்கி அண்ணனையும் உள்ளேயே வைத்திருக்கப் போகிறாரே என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே அவர் பின்னால் நடப்பேன்.

ஒருநாள் அந்தச் சன்னல் சாத்தியிருந்தது. மாமா தட்டினார். பெயர்சொல்லிக் கூப்பிட்டார். பிறகு சோற்றுப் பெட்டியோடு பெரியவனிடம் போய் ஏதோ கேட்டார். அவன் பந்திலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னான். அப்படி ஒருவன் இங்கே இருந்ததேயில்லை என்றானாம். சிங்களம் தெரியாத எனக்கு அது வெகுகாலம் கழித்துத்தான் தெரியவந்தது.

மாமா பெட்டியைக் கீழே வைத்தார். பெரியவனின் இடக்கையைப் பிடித்து, தடியின்மேல் கொஞ்சமாக வலப்பக்கம் புரட்டி வைத்தார். அவ்வளவுதான்.

பந்து வளையவில்லை. மைதானத்தைத் தாண்டி, எதிர்ப்பக்கத்துத் தென்னைகளுக்கு நேராகப் போய் மறைந்தது. சிப்பாய்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பெரியவன் மாமாவின் முதுகில் தட்டிக்கொடுத்தான். இன்றைக்கும் எங்காவது ஒரு புல்வெளியில், பென்சன் எடுத்துக்கொண்டு, அவன் நேராக அடித்துக்கொண்டிருப்பான்.

மாமாவுக்காக நான் காத்திருக்கவில்லை. அண்ணன் வரப்போகிறான் என்று ஒரே ஓட்டமாக வீட்டுக்கு ஓடினேன். அம்மா அடுப்படியில் இருந்தாள்.

"ம்மா, மாமா திருத்திட்டாரு! பந்து நேராப் போச்சி!"

"நேராவா?" என்றாள் அம்மா. "வளையாமலா போச்சி?"

"ஓம்மா, நேரா!"

அம்மா இருந்த இடத்திலேயே சரிந்து, தலையில் அடித்துக்கொண்டு கத்தத் தொடங்கினாள். பக்கத்து வளவுப் பெண்கள் ஓடிவந்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு நல்ல செய்திக்கு இந்த மனுசி ஏன் ஒப்பாரி வைக்கிறாள் என்று தூணைக் கட்டிக்கொண்டு முறைத்துப் பார்த்தபடி நின்றேன்.

கையைப் புரட்டி வைக்கவேண்டும் என்பது மாமாவுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். அண்ணனின் கை சன்னலில் வந்துகொண்டிருக்கும்வரைக்கும் பந்தை நேராகப் போக விடுவதில்லை என்று அக்காவும் தம்பியும் பேசிவைத்திருந்தார்கள். சின்னப்பிள்ளையான என்னிடம் யாரும் சொல்லவில்லை. பெற்ற பிள்ளை இனி இல்லை என்ற செய்தியை அவளிடம் துள்ளிக்கொண்டு போய்ச் சொன்னது நான்தான்.