சென்னைக்குப் போகாத பை

முந்தின வாரம் செவ்வாய்க்கிழமை. ஒன்பது மணி சென்னை பஸ்ஸுக்கு நான் காலை ஆறு மணிக்கே தயார். செருப்பு உட்பட. தலத்தெருவிலிருந்து காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோவில் பத்தே நிமிஷம்தான். ஆனால் ஆட்டோ பஞ்சரானால்? பஸ் முன்னாலேயே கிளம்பிவிட்டால்? பயப்படுவதற்கு நான் எப்போதுமே அட்வான்ஸ் புக்கிங் செய்துவிடுகிற ஆள்.

இந்தத் தடவை காரணமும் இருந்தது. சென்னை ஆஸ்பத்திரியில் மறுநாள் காலை என் அக்காவுக்கு ஆபரேஷன். தொண்டையில் புற்று. உயிருக்குப் பயமில்லை, ஆனால் குரல்வளையை எடுத்துவிடுவோம், இனிமேல் பேச்சு வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா போனில் கரகரத்த குரலில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"செவ்வாக்கெழம சாயங்காலம் வந்து பக்கத்துல உக்காருடா. உங்கிட்ட கொஞ்சம் பேசணும்."

நினைவு தெரிந்த நாளிலிருந்து என்னைத் திட்டுகிற குரல். கடைசித் திட்டை நேரில் போய் வாங்கிக்கொள்ள வேண்டாமா?

ஏழரை மணிக்கு வாசலில் மொபெட் சத்தம். பட்டினச்சேரி ஆறுமுகம்.

இங்கே ஒரு விளக்கம். ஆபீஸ் வேலையும் இந்த நகைச்சுவைப் பத்தி எழுதுவதும் போக, நான் எங்கள் சபையின் கௌரவ உபதேசியார். போதகர் ஊரில் இல்லாதபோது அவர் வேலையைப் பார்க்கிறவன். கடலோரத்தில் மூன்று ஊர்கள் என் மிஷன் எல்லை. பத்து வருஷ ஊழியத்தில் மூன்று ஊருக்கும் சேர்த்து எனக்கு இருந்த விசுவாசி ஒரே ஒருவர் – ஆறுமுகத்தின் மனைவி கிருபையம்மா. அவரும் நான் சேர்த்தவர் இல்லை. தரங்கம்பாடியில் கிறிஸ்தவராகவே பிறந்து, ஆறுமுகத்தைக் கட்டிக்கொண்டு வந்தவர்.

அந்தக் கிருபையம்மா விடியற்காலையில் போய்விட்டார் என்றார் ஆறுமுகம். இரண்டு மாதப் படுக்கை. எதிர்பார்த்ததுதான். என் மூளை முதலில் நினைத்தது... பஸ்ஸை.

போதகருக்குப் போன் போட்டேன். திருச்சியில் கூட்டத்தில் இருந்தார். நாளை மத்தியானம்தான் வர முடியும், நீங்களே பார்த்து முடித்துவிடுங்கள் என்றார். நான் ரொம்பப் பணிவாக ஆறுமுகத்திடம் திரும்பினேன். நாளைக்குப் போதகரே வந்து அடக்கம் செய்தால் அம்மாவுக்கு இன்னும் மரியாதையாக இருக்குமே என்றேன். பயத்துக்குப் பக்திச் சட்டை மாட்டிவிடுவதில் நான் கெட்டிக்காரன்.

ஆறுமுகம் ஹேண்டில்பாரையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஊர்ல சாவுன்னா, எடுக்குற வரைக்கும் போட்டு கடல்ல எறங்காதுங்க. மீன்பிடித் தடைக்காலம் முடிஞ்சு நேத்துதான் கடலுக்கே போனாங்க. இன்னிக்கு ஊரே கரையில உக்காந்திருக்கு. நம்ம முறையில எடுத்துடுவமான்னு கேட்டாங்க. நாந்தான் வேணாம்னேன். வேதம் படிச்சு அனுப்பணும்னு அவ கேட்டுக்கிட்டா ஐயா."

பின்னால் நின்ற என் மனைவி மெதுவாகச் சொன்னாள்: "ஊழியம் ஊழியம்னு மூச்சுக்கு முன்னூறு தரம் சொல்வீங்களே, இதுதாங்க அது. பஸ்ஸு நாளைக்கும் ஓடும்."

பஸ் ஓடும். அக்காவின் குரல்? கேட்க வாயெடுத்தேன். ஆறுமுகத்தின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். கறுப்புப் பையை எடுத்துக்கொண்டு மொபெட்டில் ஏறினேன்.

இன்னொரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். நான் தனியாக யாரையும் அடக்கம் செய்ததே இல்லை. அதுவரை கல்லறைகளில் என் பங்கு, போதகருக்குக் குடை பிடிப்பது.

பட்டினச்சேரியில் படகுகள் வரிசையாக மணலில் கிடந்தன. அவற்றின் நிழலில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மத்தியானம் தரங்கம்பாடியிலிருந்து கிருபையம்மாவின் அண்ணன்மார் வந்தார்கள். ஊர்க்காரர்கள் சுடுகாட்டுக்குப் பக்கத்திலேயே இடம் ஒதுக்கிக் குழியும் வெட்டிவிட்டார்கள். நான் பெட்டியின் தலைமாட்டில் நின்று பையைத் திறந்தேன். கையை விட்டேன்.

ஹார்லிக்ஸ் பாட்டில் வந்தது.

மறுபடி விட்டேன். அக்காவுக்கு வாங்கிய நைட்டி வந்தது.

எங்கள் சபைக் கன்வென்ஷனில் ஆளுக்கொரு கறுப்பு ரெக்ஸின் பை கொடுப்பார்கள். வருஷா வருஷம் அதே பை. எங்கள் வீட்டில் மட்டும் நாலு. ஆராதனைப் புத்தகம் இருந்த பை தலத்தெருவில் கட்டிலுக்கு அடியில் பத்திரமாக இருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. வாழ்க்கை பூராவும் ஆளைச் சிரிக்கவைக்கப் பாடுபட்டவன், அன்றைக்கு ஒருத்தராவது சிரித்துத் தொலைக்கக் கூடாதா என்று தவித்தேன்.

ஆறுமுகம் குனிந்தார். மனைவியின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, அவர் கைக்குள் வைத்திருந்த வேதப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். "இதுல இருக்குங்களா?"

இருந்தது. படித்தேன். குரல் நடுங்கியது. துக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். பாதி துக்கம்தான். படித்து முடித்துக் கொடுத்ததும் அதைப் பழையபடி மனைவியின் கைக்குள்ளேயே வைத்தார் ஆறுமுகம்.

மண் போட்டு முடித்தபோது மணி நாலரை. கரையில் இன்ஜின்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பும் சத்தம் கேட்டது. நான் மெயின் ரோட்டு எஸ்டிடி பூத்துக்கு ஓடி, அக்கா மகனின் செல்லுக்கு அடித்தேன். அக்காவே வாங்கினாள்.

"சொல்லுடா" என்றாள்.

சொன்னேன். பஸ், போதகர், படகுகள், பை, ஹார்லிக்ஸ், ராத்திரி பஸ்ஸில் எப்படியும் வந்துவிடுகிறேன், கோபப்படாதே, எனக்கு வேறு வழியில்லை... நடுவில் இரண்டு தடவை "டேய்..." என்றாள். திட்டப்போகிறாள் என்று பயந்து இன்னும் வேகமாகப் பேசினேன். மூச்சு வாங்க நிறுத்தியபோது மறுமுனையில் அவள் மகன் இருந்தான்.

"மாமா, நர்ஸ் போனை வாங்கி எங்கிட்ட குடுத்துட்டாங்க. அம்மா இனிமே பேசக் கூடாதாம்."

பூத் மீட்டரில் பன்னிரண்டு நிமிஷம் காட்டியது. அக்காவுக்குக் குரல் இருந்த கடைசிப் பன்னிரண்டு நிமிஷம். அதில் அவள் பேசியது மூன்று வார்த்தை.

மறுநாள் நான் போய்ச் சேர்ந்தபோது தியேட்டர்க் கதவு மூடியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா எழுந்து உட்கார்ந்தாள். கழுத்தில் கட்டு, மடியில் கோடு போட்ட நோட்டு. அன்றைக்கு என்ன பேசணும்னு கூப்பிட்டே என்று கேட்டேன். ஏதோ எழுதினாள். யோசித்தாள். அடித்தாள், பேனா முனை தாளைக் கிழிக்கிற அளவுக்கு. அதற்குக் கீழே எழுதித் திருப்பிக் காட்டினாள்.

"அந்தப் பொம்பளய நல்லபடியா அடக்கம் பண்ணியா?"

தலையாட்டினேன். அடித்த வரியை அவள் தூங்கும்போது வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஓர் எழுத்துகூடப் பிடிபடவில்லை.

என் மிஷன் எல்லையில் இப்போது விசுவாசிகள் யாருமில்லை. அன்றைக்குப் பட்டினச்சேரிக்குப் போயிருக்கத்தான் வேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். போனில் அவ்வளவு பேசியிருக்கத்தான் வேண்டாம்.

ஊர் திரும்பியதிலிருந்து, வீட்டில் போன் அடித்தால் எடுத்து ஒரு நிமிஷம் வாயைத் திறப்பதில்லை – ராங் நம்பர்காரர்கள்கூட பயந்துபோய் என் உடம்புக்கு என்ன என்று விசாரிக்கிறார்கள்.