கரைக்கு முதுகு

நான் எழுதிவரும் சரித்திர நாவலில் ஒரு கப்பல் திருவொற்றியூரை நெருங்குகிறது. அன்றைய கரை கடலிலிருந்து எவ்வாறு தெரிந்திருக்கும் என்று அறிய, நேற்று ஒரு மீனவ இளைஞரின் படகில் ஏறினேன். அவர் கோயில் கோபுரத்தையும் ஆலைப் புகைபோக்கியையும் ஒரே நேராகப் பார்த்துத் தூண்டிலை இறக்கினார். என் தலை தானே குனிந்தது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மீன்கவிச்சியும் ஈரக்கயிற்றின் வாடையும் சூழ்ந்த கட்டுமரத்தில் என் தந்தை காதோடு சொன்னார்: “கோபுரமும் அந்த ஒத்தப் பனையும் ஒண்ணா நிக்குதா? கீழ பாறை கீது. சங்கரா மீனு அங்கதான். யாராண்டையும் சொல்லாத.” மீன் கிடைக்கும் இடத்தைக் காட்டும் அவ்வகைக் கரை அடையாளங்களை எங்கள் குப்பத்தில் உடன்பிறந்தாரிடமும் சொல்லமாட்டார்கள்.

மறுநாளே பக்கத்து வீட்டுத் தோழனிடம் பெருமைக்காகச் சொல்லிவிட்டேன். அடுத்த விடியலில் அந்தப் பாறைக்கு மேலே ஐந்து கட்டுமரங்கள் நின்றன. தோழனின் தந்தை உரக்கச் சிரித்தார்: “இன்னா மாமு, லேட்டா வர்ற? உன் புள்ள நல்லா வழி சொல்றான்!”

தந்தை அடிக்கவில்லை, ஏசவுமில்லை. “திரும்பிக் குந்து” என்றார். அதன்பின் அவரோடு கடலுக்குப் போன நாளெல்லாம் கரைக்கு முதுகு காட்டியே அமர்ந்திருந்தேன்.

“இன்னா பெர்சு, அந்தக் காலத்துல கரை எப்டி இருந்துச்சி? நீ பாத்திருப்பியே?” என்றார் நேற்றைய படகுக்கார இளைஞர்.

“எங்க நைனா பாக்க வுடலப்பா. தப்பு என்னுதுதான்” என்றேன்.