ராசா தலைக்கு இரண்டு சீட்டு

நீங்கள் பொய் சொன்னீர்கள். ஒரே காசைப் பற்றி இரண்டு இடத்தில் இரண்டு விதமாகச் சொன்னீர்கள். முதல் இடத்தில் என் அம்மாவின் பிரஜாவுரிமை போயிற்று. இரண்டாவது இடத்தில் உங்களுக்குக் கைதட்டல் கிடைத்தது.

அப்போது மலைநாட்டில் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் நீங்கள் பெரிய கிளாக்கர். நான் அதே தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார். அம்மா மலையில் கொழுந்தெடுத்தாள். சுதந்திரம் வந்து ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று உங்கள் குவார்ட்டர்ஸுக்குக் கூப்பிட்டு, ஒரு தேயிலை டப்பாவைத் திறந்து காட்டினீர்கள். உள்ளே பிளானல் துணி. அதன்மேல் ரோமாபுரி வெள்ளிக்காசுகள்.

அவை எப்படிச் சேர்ந்தன என்று எனக்குத் தெரியும். பழைய வெள்ளி எது வந்தாலும் உருக்குமுன் உங்களிடம் காட்ட வேண்டும் என்று ஹட்டன் ஆசாரிகளிடம் சொல்லி வைத்திருந்தீர்கள். இந்தியா போய்வந்த தொழிலாளி எவனாவது காசு கொண்டுவந்து கொடுத்தால், அடைமழை நாளில் அவனுக்கு மலை கிடையாது, கொழுந்து அரைக்கும் ஸ்டோருக்குள்ளே வேலை. கொடுக்காதவன் நனைந்தான்.

எனக்கும் அந்தத் தலைகள்மேல் பைத்தியம் பிடித்தது. அதை மறைக்கவில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒரு சக்கரவர்த்திக்குத் தாடைக்குக் கீழே சதை தொங்கும். இன்னொருவனுக்கு உதட்டோரத்தில் இளக்காரம். கட்டைவிரல் நகத்தளவு இடத்தில் எவனோ ஒருவன் ஒரு மனுஷனின் கெட்ட குணத்தையே வெட்டி வைத்திருந்தான்.

"மூக்கு தேஞ்சிருந்தாக் கூடப் பரவால்ல வாத்தியாரே, காதப் பாருங்க. காது முழுசா இருந்தாத்தான் காசுக்கு உசுரு" என்பீர்கள்.

நான் ஒவ்வொரு காசுக்கும் சிறு சீட்டு எழுதினேன். எங்கே கிடைத்தது, யார் கொடுத்தது. அப்படி எழுதிக்கொண்டிருந்த ஒரு நாள் வாயைத் திறந்து கெட்டேன்: "எங்க அம்மாகிட்டயும் ஒண்ணு இருக்குங்க."

அது அப்பாவின் தாத்தா கடல் தாண்டி வந்தபோது இடுப்பில் முடிந்து கொண்டுவந்த காசு. தலைக்கு மேலே வளையம் பற்றவைத்து, அம்மாவின் தாலியில் கோத்திருந்தார்கள். அப்பா செத்துத் தாலியைக் கழற்றிய பிறகு, காசை மட்டும் கறுப்புக் கயிற்றில் போட்டுக்கொண்டாள். வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்குக் குங்குமம் வைப்பாள். அதன் பெயர் ராசா.

பார்த்துவிட்டுத் தருவதாகச் சொன்னீர்கள். மறுநாள் காலையில் அவள் அதைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்து, வெற்றிலையில் மடித்துக் கொண்டுவந்தாள்.

"என்னா புள்ள செஞ்சிருக்க? ஈராயிரம் வருசத்துக் கறுப்பக் கழுவி ஊத்திட்டியே!"

"அழுக்கா இருந்துச்சுங்க ஐயா. பெரியவங்க கையில குடுக்கறது, சுத்தமா இருக்க வேணாங்களா?"

"இது என்னா குண்டாச் சட்டியா, புளி போட்டு வெளக்க?"

அப்புறம் அரத்தை எடுத்து, அவள் கண்ணெதிரே அந்த வளையத்தை அராவினீர்கள். "ராசா தலையில கொக்கி எதுக்கு? தூக்குலயா போடப்போற?" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அம்மா கயிற்றைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

"எங்கேருந்து வந்துச்சு இது?" என்று கேட்டீர்கள்.

"ஊர்லேருந்துங்க."

நான் சீட்டு எழுதினேன்: "ஊரிலிருந்து, கரூர்ப் பக்கம். கொண்டுவந்தவர் தோட்டத் தொழிலாளிப் பெண்." குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுவந்தவர் என்றுதான் நான் நினைத்து எழுதினேன், ஊரிலிருந்து கொண்டுவந்தவர் என்று அல்ல.

எங்கள் ஆட்களுக்கு ஊர் என்றால் இந்தியா. பார்த்தவனும் அப்படித்தான் சொல்வான், பார்க்காதவனும் அப்படித்தான் சொல்வான். அம்மா அந்தத் தோட்டத்து லயத்து அறையிலேயே பிறந்தவள். கடலைக்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் "ஊர்ல மழையாம்" என்று கவலைப்படுவாள். இது உங்களுக்குத் தெரியாததல்ல. உங்கள் தாத்தாவும் அதே வழியில் வந்தவர்தான்.

காசு திரும்பி வரவில்லை. அம்மா கூச்சப்படுகிறவள் அல்ல. காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும்போது, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்பாள்: "ஐயா, எங்க ராசா சாப்பிட்டாருங்களா?"

பின்னாலிருந்து ஒருத்தி எடுத்துக்கொடுப்பாள்: "கிளாக்கர் வூட்டு இறைச்சி புடிச்சிப்போச்சுக்கா. இனி எங்க வரப்போறாரு!"

களமே சிரிக்கும். ஒரு தடவை துரையே என்ன சிரிப்பு என்று உங்களைக் கேட்டார். அன்றைக்கு அம்மாவை அட்டை நிறைந்த செங்குத்து மலைக்கு அனுப்பினீர்கள். ஒரு மாதம் அங்கேயே போட்டீர்கள். அவள் கேட்பதை நிறுத்தவில்லை.

பிறகு ஹட்டனில் பிரஜாவுரிமை விசாரணை. அம்மா பத்து வயதிலிருந்து பெயர் பதிந்து வேலை செய்தவள். அந்தச் செக்ரோல் புத்தகங்களோடு தோட்டத்தின் சார்பில் நீங்கள் வந்தீர்கள். அவள் இந்த நாட்டிலேயே இருந்தவள் என்று நிரூபிக்க அவற்றைக் காட்டியிருந்தாலே போதும். நீங்கள் சட்டைப் பையிலிருந்து என் சீட்டை எடுத்து மேசையில் வைத்தீர்கள்.

"இது இவ மகனே எழுதினது, சேர்."

அதிகாரி மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டார்: "உன் ஊர் எது?"

"கரூர்ப் பக்கமுங்க" என்றாள் அம்மா. யார் கேட்டாலும் அவள் அப்படித்தான் சொல்வாள்.

நான் எழுந்தேன். உட்காரச் சொன்னார்கள்.

"அங்கிருந்து எப்போது வந்தாய்?"

வந்திருந்தால்தானே சொல்வாள்? உங்களைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்களே சொல்லுங்கய்யா. ஐயாவுக்குத் தெரியும்."

நீங்கள் புத்தகங்களை அடுக்கிக்கொண்டே சொன்னீர்கள்: "அவ சொன்னதுதான், சேர்."

மனு தள்ளுபடி. அதையே காரணம் காட்டி என் மனுவையும் தள்ளினார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா, "ராசாவக் கேக்க மறந்துட்டேன்டா" என்றாள். நான் அவளைத் திட்டினேன். உங்களைத் திட்டியிருக்க வேண்டும்.

போன வருஷம் ஹட்டனில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் உங்கள் காசுகளைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். நீங்கள் கோட்டு போட்டு, மைக் பிடித்துப் பேசினீர்கள். ரோமாபுரி வியாபாரம் மலைநாட்டுக்குள்ளேயே வந்ததற்குச் சாட்சி என்று ஒரு காசைக் காட்டினீர்கள். சீட்டில் டைப் அடித்திருந்தது: "மஸ்கெலியாத் தோட்டமொன்றில் தண்ணீர் வடியக் கான் வெட்டும்போது மண்ணுக்குள் கிடைத்தது." கைதட்டினார்கள்.

நான் கிட்டப் போய்ப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். சக்கரவர்த்தியின் தலைக்கு மேலே அரம் போட்ட கோடுகள். காது முழுசாக இருந்தது. காதின் குழிக்குள் ஒரு பொட்டுச் சிவப்பு. அம்மாவின் புளிக்கும் போகாத குங்குமம்.

ஆக, காசு இந்த மண்ணில் பிறந்துவிட்டது. அம்மா பிறக்கவில்லை. இப்போது இந்திய அரசாங்கமும் இங்கத்து அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு எங்களைப் பங்கு பிரிக்கின்றன. அம்மா அதே லயத்தில் இருமிக்கொண்டு, தன்னை எந்தப் பக்கம் தள்ளுவார்கள் என்று காத்திருக்கிறாள். கழுத்தில் அந்தக் கறுப்புக் கயிறு இன்னும் இருக்கிறது, வெறுமையாக.

எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். ஆள் அனுப்ப வேண்டாம். அதே மண்டபத்தில், அதே ஆட்களுக்கு முன்னால், அதே மைக்கைப் பிடித்துக்கொண்டு அந்தக் காசின் காதைக் காட்டிச் சொல்லுங்கள். அதை மண்ணிலிருந்தா எடுத்தீர்கள், என் அம்மா கழுத்திலிருந்தா? செக்ரோலைக் கையில் வைத்திருந்த நீங்களே சொல்லுங்கள்: அவள் எங்கே பிறந்தாள்?