கண்ணாடிக்கு வெளியே ஒருவர்

போன செவ்வாய்க்கிழமை மதியம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு புதுக் கட்டடத்துக்குப் போயிருந்தேன். புதுசு என்றால் பாதிதான் புதுசு. ரயில்வேகாரர்கள் காலத்துச் செங்கல் கிடங்கு ஒன்றை இடிக்காமல், அதைச் சுற்றியும் மேலேயும் இரும்புச் சட்டமும் கண்ணாடியுமாகப் பெட்டி போட்டு மூடியிருக்கிறார்கள். உள்ளே ஏர்கோன், காபிக் கடை, செல்பி எடுக்கும் கூட்டம். அழகுதான்... ஒத்துக்கொள்கிறேன்.

மூன்றாவது மாடி நடைபாதையில் நின்று செங்கல் சுவரைப் போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பினேன். கண்ணாடிக்கு வெளியே ஒருவர் கயிற்றில் தொங்கியபடி துடைத்துக்கொண்டிருந்தார். சிரித்தார். நானும் சிரித்தேன்.

பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. வானம் கறுத்தது. நம் ஊர் மழை சொல்லிவிட்டா வருகிறது? அதற்கும் முன்னால் காற்று வந்தது. அவரைக் கண்ணாடியிலிருந்து பிய்த்துத் தூக்கிப் போய், திரும்பக் கொண்டுவந்து மோதியது. தொம்!

கீழே இறங்க வேண்டியதுதானே? முடியவில்லை. கயிறு மேலே எங்கோ சட்டத்தில் சிக்கிக்கொண்டது.

"அண்ணே! அண்ணே!" என்று கத்தினேன். செக்யூரிட்டிகாரர் ஓடி வந்தார். சட்டையில் மணியம் என்று பேட்ஜ்.

"இந்தக் கண்ணாடியத் தொறங்கண்ணே!"

"தொறக்க முடியாதுக்கா, எல்லாம் சீல் பண்ணிட்டான் லா. நான் மேல போறேன், நீங்க இங்கயே இருங்க."

இருந்தேன். வேறென்ன செய்ய? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் வாய் அசைந்தது, குரல் கேட்கவில்லை. என் உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினேன். மறுபடி மோதினார். அதற்கடுத்த முறை ஹெல்மெட் மோதியது. கன்னத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி கையைக் கண்ணாடியில் வைத்தேன்.

எனக்குப் பின்னால் அந்தக் கிழட்டுச் செங்கல் மேல் ஒரு சொட்டு ஈரம் இல்லை. எதையெல்லாம் பத்திரமாக வைக்கத் தெரிந்திருக்கிறது நமக்கு!

திடீரென்று கயிறு குலுங்கியது. அவர் சரேலென்று கீழே போய் மறைந்தார். விழுந்துவிட்டாரா? படிகளில் எப்படி இறங்கினேன் என்று எனக்கே தெரியாது.

விழவில்லை. மணியம் அண்ணன் மேலே சிக்கலை எடுத்துவிட, இவர் தானே இறங்கிவிட்டார். வாசலில் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தார். பெயர் முருகேசன், ராமநாதபுரத்திலிருந்து பெர்மிட்டில் வேலைக்கு வந்தவர். யாரோ கொடுத்த தே தாரிக் டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப பயந்துட்டீங்களா?" என்று கேட்டேன்.

"காத்து நமக்குப் பழக்கந்தான்க்கா. உங்க மூஞ்சியப் பாத்துத்தான் பயந்துட்டேன். நீங்க அழுத அழுகையில... மேல கயிறு அறுந்துகிட்டு இருக்குதுன்னு நெனச்சேன்."

ஆபத்தில் இருப்பவர் எதிரில் நகராமல் நிற்பதே பெரிய உதவி என்று நினைத்திருந்தேன் — நிற்பதற்கும் முகம் ஒத்துழைக்க வேண்டும் போலிருக்கிறது!