படத்தில் விழாத இளைப்பு

அண்ணாவின் நெஞ்சுப் படம் சுத்தமாக இருந்தது. அதுதான் எங்கள் வீட்டுக்கு வந்த கேடு.

கண்டாவளைப் பக்கத்து அரிசி மில்லொன்றில் அவருக்குக் கனகாலமாக வேலை. உமித்தூசுக்குள் நின்று நின்று, ஒரு மூட்டையைத் தூக்கி வைத்தால் குந்தியிருந்து மூச்சு வாங்குகிற நிலைக்கு வந்துவிட்டார். பின்னேரம் உருத்திரபுரத்து வீட்டு வாசலில் சைக்கிளை விட்டு இறங்கினால் உடனே பேச்சு வராது, கையைத்தான் காட்டுவார். நான்தான் ஒற்றைக்காலில் நின்று ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அங்கே படம் எடுத்தார்கள். படத்தில் ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் ஊதிப் பார்க்கிற சோதனைக்கு இன்னொரு நாள் வாருங்கள் என்று டொக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். அண்ணாவின் காதில் முதல் பாதி மட்டும்தான் ஏறியது.

“ஒண்டுமில்லையாம்,” என்று வந்து சொன்னார். சொன்ன முகத்தில் சந்தோசம் இல்லை. களவெடுத்துப் பிடிபட்டவர் மாதிரி நின்றார்.

அண்ணாவின் மனைவி எனக்கு மச்சாள். அவாவுக்கு நானும் மச்சாள். நல்ல மனுசி, வாய்தான் பொல்லாதது. “அப்ப ஏன் உந்த இழுப்பு இழுக்கிறியள்? படத்திலையே ஒண்டுமில்லை. வேலைக்குப் போகக் கள்ளம்!” என்றா. அரைவாசி பகிடிதான். ஆனால் அந்தப் பகிடி மில்வரைக்கும் போய்விட்டது. அங்கே இருந்தவர்களுக்கு வெறும் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி. அண்ணா களைத்துக் குந்தினால், “என்ன, இன்னொரு படம் பிடிக்கவோ?” என்று கேட்டுச் சிரித்தார்களாம். அதற்குப் பிறகு அவர் குந்துவதையே விட்டுவிட்டார். நின்றபடியே மூச்சு வாங்கப் பழகிக்கொண்டார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். “ஊதுற சோதனைக்கு வாங்கோ அண்ணா, நான் கூட்டிக்கொண்டு போறன்,” என்று கேட்காத நாள் இல்லை.

“படத்திலை இல்லாதது ஊதினால் வந்திடுமோ? இன்னொருக்கால் போய் மானம் கெடச் சொல்லுறியோ? விடு பிள்ளை. நெஞ்சிலை ஒரு நோயுமில்லை, எனக்கு மனசிலைதான் வருத்தம் போல.”

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைச் சுட்டது. என் கண்ணுக்கு முன்னால் மூச்சுக்குத் தவிக்கிற மனிதர், தன்னுடைய மூச்சையே நம்பவில்லை. ஊரும் வீடும் சொன்னதைத் தானும் நம்பத் தொடங்கிவிட்டார். இப்படியே அந்தத் தூசுக்குள் போய்வந்தால் என்ன ஆகும்?

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், எக்ஸ்ரேதான் என் பிழைப்பு. கிளிநொச்சியில் ஓர் ஆய்வுகூடத்தில் எக்ஸ்ரேப் பொறிகளை வடிவமைக்கிறவள் நான். சாதாரணப் படம் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அது வெறும் நிழல். எலும்பு கதிர்களை மறிக்கும், வெள்ளையாக விழும். நுரையீரல் பெரும்பாலும் காற்று. கதிர்கள் நேரே போய்விடும். உள்ளே இருக்கிற நுண்ணிய காற்றறைகளின் சுவர்கள் இடிந்துபோயிருந்தாலும், தொடக்கத்தில் நிழலில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் அந்தச் சுவர்களில் பட்டுக் கதிர்கள் மிக மிகச் சிறிய கோணத்தில் சிதறும். அந்தச் சிதறலைப் பிடித்தால், சுவர் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

அதைப் பிடிக்கிற பொறி எங்கள் மேசையிலேயே இருந்தது. எக்ஸ்ரேக் குழாய்க்கும் படம் வாங்குகிற தட்டுக்கும் இடையில் மூன்று கீற்றுத் தகடுகள். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய கோடுகள் வெட்டிய சிலிக்கன். இரண்டு தகடுகளில் கோடுகளுக்குள் தங்கம் நிரப்பியிருக்கும். முதலாவது தகடு கதிர்களைக் கீற்றுக் கீற்றாகப் பிரிக்கும். இரண்டாவது அவற்றை வைத்து ஒரு கோட்டுக்கோலம் போடும். இடையில் வைத்த பொருளால் அந்தக் கோலம் எவ்வளவு குலைந்தது என்று மூன்றாவது பார்க்கும். படுக்கைக்குக் கட்டுகிற இரண்டு நுளம்புவலைகளை ஒன்றன்மேல் ஒன்று பிடித்தால் பெரிய பெரிய வரிகள் தெரியுமே, ஒன்றைச் சற்று அசைத்தால் வரிகள் ஓடுமே, அதே சங்கதிதான். ஒரு தகட்டைத் துளித்துளியாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு படம் எடுத்து, எல்லாவற்றையும் கணினியில் சேர்க்கவேண்டும். நடுவில் தகடு தலைமயிரின் பருமனில் நூறில் ஒரு பங்கு தானாக அசைந்தாலும் அன்றைய வேலை நாசம்.

இந்தப் பொறிக்குப் பணம் கிடைத்தது நெல் ஆராய்ச்சிக்கென்று. விதைநெல்லின் உள்வெடிப்பைப் பார்க்கிற பொறியென்று கட்டினேன், அது நன்றாகவே வேலை செய்தது. அதைக் கழற்றி நுரையீரலுக்கு மாற்றப் போகிறேன் என்றதும் எங்கள் துறைத்தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்கப் போறீர்.”

“கெட்டால் நானே திரும்பப் பூட்டித் தாறன் சேர்.”

“அறுவடைக்கு முன்னம் பூட்டவேணும். நெல்லு வந்து குவிஞ்சு கிடக்கேக்கை என்னட்டை வந்து கதை சொல்லக்கூடாது.”

ஓம் என்றேன். ஓம் என்று சொல்வது எவ்வளவு லேசு!

நெல்லுக்கு வேண்டியது கூர்மை. ஒரு மணிக்குள் மயிர்போல் கிடக்கிற வெடிப்பைப் பார்க்கவேண்டும். நுரையீரல் அப்படியில்லை. அதற்குள் சுவர்கள் கோடிக்கணக்கில். சிதறலும் அவ்வளவுக்கு அதிகம். நெல்லுக்கு வைத்த கூர்மையோடு பார்த்தால் கோலம் முழுக்க அழிந்து, நல்ல நுரையீரலும் கெட்டதும் ஒரேமாதிரித் தெரியும். ஆகவே நான் செய்யவேண்டியிருந்தது பொறியை வேண்டுமென்றே மந்தமாக்குவது. பொருளை வைக்கிற இடத்தை இரண்டாவது தகட்டை விட்டு எவ்வளவு தள்ளினால் மந்தம் அளவாக இருக்கும் என்று கணக்குப் போட்டேன், பிழைத்தது, திரும்பப் போட்டேன். இத்தனை வருசம் படித்தது கூர்மையாக்க. இப்போது மழுங்கடிக்கக் குந்தியிருக்கிறேனே என்று எனக்கே சிரிப்பு வந்தது.

மனிதரை அந்த மேசையில் வைக்க முடியாது. அதற்கு அனுமதியும் இல்லை, தகடுகளும் உள்ளங்கையளவுதான். படம் காட்டாததை அண்ணாவின் கண்ணுக்குக் காட்ட ஆட்டின் நுரையீரல் போதும். கிளிநொச்சிச் சந்தையில் முல்லைத்தீவுக்கார முஸ்லிம் அண்ணர் ஒருவர், எல்லோருக்கும் நானா, இறைச்சிக்கடை வைத்திருக்கிறார். அவரிடம் போய் நின்றேன்.

“நானா, ஒரு முழுச் சுவாசப்பை வேணும். குழாயோட, வெட்டுப்படாமல்.”

“நீங்கள் சைவமெல்லோ தங்கச்சி?”

“சாப்பிட இல்லை நானா. படம் எடுக்க.”

கத்தியைக் கீழே வைத்துவிட்டார். “ஆட்டுக்கோ? செத்தாப் பிறகோ?” கடையில் நின்ற சனமெல்லாம் சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய? ஆனாலும் கேட்டதை வெட்டுப்படாமல் எடுத்துத் தந்தார். கிழட்டு ஆடு வந்து, நுரையீரலின் ஓரம் வெளிறி ஊதிக் கிடந்தால் அதையும் எடுத்து வையுங்கள் என்று கேட்டிருந்தேன், அதற்கும் தலையாட்டினார்.

வெளியே எடுத்த நுரையீரல் சுருங்கிவிடும். காற்று நிரப்பினால்தான் காற்றறைகள் விரியும். முதலாவதைச் சைக்கிள் பம்பால் அடித்தேன். என்ன அவசரமோ, இரண்டு அடி அதிகம் அடித்துவிட்டேன். டப்பென்று வெடித்தது. மேசை, சுவர், என் கண்ணாடி, எல்லா இடமும். ஐயோ, அந்த மணம்! வீட்டுக்குப் போனதும் மச்சாள் என்னைக் கிணற்றடியோடு மறித்துவிட்டா. “குளிச்சிட்டு உள்ளுக்கு வாரும் மச்சாள். வெள்ளிக்கிழமையும் அதுவுமா உது என்ன கோலம்?” அடுத்த தரம் பிறசர் பார்க்கிற ரப்பர்ப் பந்தைப் பொருத்தி, குழந்தைக்குப் பால் பருக்குவதுபோல மெல்ல மெல்ல அமத்தினேன். அது நின்றது.

நுரையீரல் நின்றது, கோலம் நிற்கவில்லை. ஏ-ஒன்பது வீதியில் ஒரு லொறி போனாலே வரிகள் ஓடின. பக்கத்து ஒழுங்கையில் உழவு மெசின் போனால் கேட்கவே வேண்டாம். தகடுகளை நீளமான அலுமினியத் தண்டவாளமொன்றில் தனித்தனியாக நிறுத்தியிருந்தேன். ஒவ்வொன்றும் தன்பாட்டுக்கு ஆடியது. தண்டவாளத்தை இன்னும் இறுக்கினேன், நிலத்தோடு ஆணி போட்டு அறைந்தேன். நிலத்தோடு அறைந்ததும் நிலத்தின் ஆட்டம் முழுக்க நேரே மேலே ஏறியது! என்னை நானே திட்டிக்கொண்டு ஆணிகளைப் பிடுங்கினேன். நெல்மணியை எடுக்கிற சின்ன நேரத்துக்குத் தாங்கிய பொறி, நுரையீரலுக்கு வேண்டிய நீண்ட நேரத்துக்குத் தாங்கவில்லை.

பிறகுதான் வேறு வழியில் யோசித்தேன். ஆட்டத்தை நிறுத்த என்னால் முடியாது. லொறியை மறிக்க நான் என்ன பொலிசா? ஆடுகிறதென்றால் மூன்றும் சேர்ந்து ஆடட்டும். ஒன்றுக்கொன்று அசையாமல் இருந்தால் போதும். அடுப்பு வைக்கிற குசினி மேடைக்குப் போடுகிற தடித்த கருங்கல் பலகையொன்றை வாங்கி, மூன்று தகடுகளையும் அதே கல்லில் பூட்டி, கல்லின் கீழே பாதி காற்றடித்த டயர் ரியூப்பை வைத்தேன். பின்னேரங்களில் ஏசி நின்று நின்று வேலை செய்ய, கல்லின் சூடு மாறி வரிகள் திரும்பவும் நகர்ந்தன. ஏசியை அடியோடு நிறுத்திவிட்டேன். வன்னி வெயில், பூட்டிய அறை, ஆட்டு நுரையீரல். வேர்வை மூக்கு நுனியில் சொட்டச் சொட்ட, விடுகிறேனா பார் என்று நின்றேன். அறுவடை நெருங்கிக்கொண்டிருந்தது. துறைத்தலைவர் கதவில் தலையை நீட்டுவார், மணத்துக்கு முகத்தைச் சுளிப்பார், கதவைச் சாத்திவிட்டுப் போவார்.

நானா கிழட்டு ஆட்டின் நுரையீரலைத் தந்த கிழமையில் கோலம் நின்றது. நல்லதையும் கெட்டதையும் தகட்டளவில் பகுதி பகுதியாக எடுத்துச் சேர்த்தேன். சாதாரணப் படத்தில் இரண்டும் ஒரே சாம்பல் நிறம். எது எதென்று நானே தடுமாறினேன். சிதறல் படத்தைத் திறந்தேன். நல்லது முழுவதும் பளிச்சென்று இருந்தது. மற்றதில் ஓரம் முழுக்க இருட்டு. சுவர்கள் இல்லாத இடத்தில் சிதறல் இல்லை. நான் போட்ட சத்தத்தில் காவலாளி ஓடி வந்தார், கரண்ட் அடித்துவிட்டதென்று.

ஞாயிற்றுக்கிழமை மில் பூட்டு. அண்ணாவைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து கணினிக்கு முன்னால் கதிரையில் இருத்தினேன். முதலில் சாதாரணப் படங்கள்.

“இதிலை எது வருத்தக்கார ஆடு? சொல்லுங்கோ.”

கிட்டப் போய்ப் பார்த்தார். “ரெண்டும் ஒண்டுதான். ரெண்டும் சுத்தம்.”

அடுத்த படங்களைத் திறந்தேன். அண்ணா அந்த இருட்டுப் பட்ட ஓரத்தில் விரலை வைத்துத் தடவினார். பிறகு, “இது எந்த மில்லிலை வேலை செய்தது?” என்று கேட்டார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“என்னையும் இதுக்குள்ளை வைச்சு எடு.”

“ஏலாது அண்ணா. மனுசரை இதிலை வைக்கக்கூடாது.”

“என்ரை ஒரு துண்டையாவது எடன்.” கெஞ்சினார். என் அண்ணா என்னிடம் எதற்கும் கெஞ்சியதில்லை.

ஆனாலும் நான் விடவில்லை. “இது ஆட்டின்ரை. உங்கடை நெஞ்சைப் பற்றி இது ஒண்டும் சொல்லாது. படம் சுத்தம் எண்டதுக்காக நெஞ்சும் சுத்தம் எண்டு சொல்லேலாது, அவ்வளவுதான் இது சொல்லுது. மிச்சத்தை ஊதினால்தான் அறியலாம்.”

அண்ணா கதிரையை விட்டு எழும்பினார். “நாளைக்கு லீவு சொல்லுறன்,” என்றார்.

அடுத்த நாள் கிளினிக்கில் குழாயை வாயில் வைத்து ஊதினார். “ஊதுங்கோ ஐயா, ஊதுங்கோ, விடாதேங்கோ, இன்னும், இன்னும்!” என்று தாதி கத்தினா. அண்ணாவுக்குக் கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. பிறகு டொக்டர் கோட்டுப்படத்தைப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார். காற்றுக்குழாய்கள் நன்றாக அடைபட்டுவிட்டன, போனது இனித் திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம், மருந்து இழுக்கவேண்டும், அந்த மில்லுக்குள் இனிக் காலே வைக்கக்கூடாது.

“அப்ப எனக்கு வருத்தம் இருக்குத்தானே டொக்டர்?”

“இருக்கு.”

“நிச்சயமாவோ?”

டொக்டர் என்னைப் பார்த்தார். அண்ணா சிரித்தார். பிள்ளைகள் சோதனை பாஸ் பண்ணிய நாளிலும் அவர் அப்படிச் சிரித்து நான் காணவில்லை. எனக்குக் கண்ணீர் முட்டிவிட்டது. சுவரிலிருந்த விளம்பரத்தை வாசிக்கிற மாதிரி நின்றேன்.

வெளியே வந்ததும் போனை எடுத்து மச்சாளுக்கு அடித்தார். இளைப்பில் சொற்கள் துண்டு துண்டாகத்தான் வந்தன. “இஞ்சேருமப்பா... எனக்கு உண்மையாவே வருத்தமாம்!”

மறுபக்கத்தில் மச்சாள் அழுவது எனக்கே கேட்டது.

“இப்ப ஏன் அழுறீர்?” என்றார் அண்ணா. “நான் பொய் சொல்லேல்லை எண்டெல்லோ சொல்லுறன்.”